90 பர்சென்ட்னு சொன்னது யாரு? – டீச்சர் பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதி ஒரே ரகம். வீடு, வேலை, ஷேர், லாட்டரின்னு விஷயம் வேற வேறயா இருந்தாலும் அடியில இருக்கறது ஒண்ணுதான், நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாம இன்னிக்கு எப்படி முடிவெடுக்கறதுன்னு கேக்கறீங்க. அதனால அதையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். ஜிஎஸ்டி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: டீச்சர், எங்க பில்டிங் ரொம்பப் பழசு, சொசைட்டில ரீடெவலப்மென்ட், அதாவது இடிச்சுப் புதுசா கட்டற பேச்சு ஓடிட்டே இருக்கு. இப்ப ரெண்டு பில்டர் வந்திருக்காங்க. ஒருத்தர் இதே ஏரியால ஏற்கெனவே கட்டிக் கொடுத்தவர், ஆனா எக்ஸ்ட்ரா கார்ப்பெட் ஏரியா கம்மி. இன்னொருத்தர் புதுசு, ஏரியா, கார்ப்பஸ்னு மொத்தமா தர்ற பணம், கட்டி முடிக்கற வரைக்கும் மாச வாடகை எல்லாமே ஜாஸ்தி தரேங்கறார். எங்க வீட்டுக்காரர், "90 பர்சென்ட் முடிச்சுக் கொடுத்துடுவான், கணக்குப் போட்டுப் பாரு, இவன்தான் லாபம்"னு ஒத்தக்கால்ல நிக்கறார். எனக்கு மனசு ஒப்பல. நான் பயந்தாங்கொள்ளியா? – வாசகி, செம்பூர்

அதெல்லாம் இல்லம்மா. அவர் போட்ட கூட்டல் பெருக்கல் சரியாவே இருக்கும், ஆனா அந்த 90 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா? இவரை மாதிரியே 100 பில்டரை எடுத்து அதுல 90 பேர் சாவி கொடுத்தாங்கன்னு யாராவது எண்ணிப் பார்த்தாங்களா? இல்லல்ல. அவருக்கு தோணிச்சு, சொல்லிட்டார். நம்பரா சொன்னதும் அதுக்கு ஒரு மரியாதை வந்துடுது, அவ்ளோதான்.

ஃபிராங்க் நைட்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921லயே இதைப் பிரிச்சு வச்சுட்டார். பகடைல 6 விழ எவ்ளோ சான்ஸ்னு நமக்குத் தெரியும். 40 வயசுக்காரங்க லட்சம் பேரை எடுத்தா வருஷத்துக்கு சுமாரா எத்தனை பேர் போவாங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், அதை வச்சு பிரீமியம் போடறான். இதெல்லாம் ரிஸ்க். ஆனா இந்த ஒரு பில்டர், இந்த ஒரு பிளாட், இப்ப இருக்கற வட்டி, அடுத்த அஞ்சு வருஷ மார்க்கெட், இது எல்லாம் ஒண்ணா சேந்து வர்றது ஒரே ஒரு தடவைதான், எண்ணிப் பாக்க வழியே இல்ல. அதை அவர் அன்சர்ட்டன்டின்னு தனியா வச்சார். கெய்ன்ஸ்னு இங்கிலாந்துப் பொருளாதார அறிஞரும் 1937ல இதையேதான் சொன்னார், ஐரோப்பால போர் வருமா, 20 வருஷம் கழிச்சு செம்பு விலை என்ன, வட்டி என்ன, இதுக்கெல்லாம் சான்ஸ் கணக்கு போட எந்த ஆதாரமும் கிடையாது, நமக்குத் தெரியாது, அவ்ளோதான்னு.

இதை ஒத்துக்காதவங்களும் உண்டு, அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. லெனர்ட் சாவேஜ் 1954ல ஒரு புத்தகம் எழுதினார், அவர் வாதம் என்னன்னா நீங்க எதை விட்டுட்டு எதைத் தேர்ந்தெடுக்கறீங்கன்னு பாத்தாலே உங்க மனசுல இருக்கற பர்சென்ட்டைக் கண்டுபிடிச்சுடலாம், எண்ணிப் பாக்க முடியுதோ இல்லையோ, ஒழுங்கா முடிவெடுக்கறவன் மனசுல ஒரு நம்பர் இருந்தே தீரும். உங்க வீட்டுக்காரர் தெரியாமலே சாவேஜ் கட்சி.

நீங்க எல்ஸ்பர்க் கட்சி. டேனியல் எல்ஸ்பர்க், 1961. ரெண்டு பை, ரெண்டுலயும் 100 உருண்டை. முதல் பைல 50 சிவப்பு 50 கருப்பு, எண்ணியே போட்டது. ரெண்டாவதுல எத்தனை சிவப்பு எத்தனை கருப்புன்னு யாருக்கும் தெரியாது. சிவப்பு எடுத்தா பணம், எந்தப் பைல கை விடறீங்க? நிறைய பேர் முதல் பைங்கறாங்க. சரி, இப்ப கருப்பு எடுத்தா பணம்னு மாத்திக்கலாம். அப்பவும் முதல் பையேதான்! ரெண்டாவது பைல சிவப்பும் பாதிக்குக் கீழ, கருப்பும் பாதிக்குக் கீழன்னு எப்படி இருக்க முடியும்? சாவேஜ் கணக்குப்படி இது நடக்கவே கூடாது, ஆனா நல்லா யோசிக்கறவங்களே இப்படித்தான் தேர்ந்தெடுத்தாங்க, தப்புன்னு எடுத்துச் சொன்ன அப்புறமும் சிலர் மாத்திக்கல. (1971ல வியட்நாம் போர் ரகசியங்களை, அந்த பென்டகன் பேப்பர்ஸை, பத்திரிகைக்குக் கொடுத்தாரே, அதே எல்ஸ்பர்க்தான். தெரியாத பையைக் கண்டு மத்தவங்க ஒதுங்கறதைப் பத்தி எழுதின மனுஷன் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்லன்னு இறங்கிட்டார்.)

1989ல கில்போவா, ஷ்மைட்லர்னு ரெண்டு பேர் இதுக்கு முறையா ஒரு தியரியே கட்டினாங்க. பர்சென்ட் 90ஆ 60ஆ தெரியலன்னா, இருக்கக்கூடியதுலயே மோசமான பர்சென்ட்டை வச்சு ஒவ்வொரு வழியையும் கணக்குப் போடு, அதுல எது மேலோ அதை எடு. அதாவது உங்க பயத்துக்கு இலக்கணம் இருக்கு.

ஆனா இங்கதான் உங்களையும் கொஞ்சம் கேக்கணும். மோசமானதைப் பாக்கறதுன்னா எல்லாப் பக்கமும் பாக்கணும். கையெழுத்து போடாம இருந்தா அதுல ரிஸ்க்கே இல்லையா? கட்டடம் எவ்ளோ திடமா இருக்குன்னு பாக்கற ஸ்ட்ரக்சுரல் ஆடிட்ல உங்க பில்டிங்குக்கு என்ன சொல்லியிருக்கான்? சி-1, அதாவது ரொம்ப ஆபத்தான கட்டடம்னு வந்துட்டா முனிசிபாலிட்டியே காலி பண்ணச் சொல்லும், அப்ப பேரம் பேச உங்க கைல என்ன இருக்கும்? பில்டிங் திடமா இருக்குன்னா பொறுத்திருக்கறதுக்கே ஒரு விலை உண்டு. ஆரோ, ஃபிஷர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1974ல எழுதினது இது, திரும்ப எடுக்க முடியாத முடிவு, நாள் போனா நமக்கு இன்னும் விவரம் தெரியவரும், அப்படின்னா காத்திருக்கறதும் ஒரு சொத்துதான். வீட்டை இடிச்ச அப்புறம் ஒட்ட வைக்க முடியாதே.

இன்னொண்ணு, தியரில பைக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது, இங்க பாக்கலாம். புது பில்டரோட மத்த ப்ராஜெக்டுங்க மகாரேரா சைட்ல, அதான் பில்டருங்களைக் கண்காணிக்கற மகாராஷ்டிரா அமைப்போட சைட்ல இருக்கும், முடிக்கிறேன்னு சொன்ன தேதி என்ன, எத்தனை தடவை தள்ளிப் போட்டிருக்கான்னு ஒரு சாயந்திரம் உக்காந்து பாத்துடலாம். பேங்க் கேரன்டி எவ்ளோ தரான், வாடகைக்கு செக் முன்கூட்டியே தரானா, அக்ரிமென்ட் ஒவ்வொருத்தர் பேர்லயும் ரெஜிஸ்டர் ஆகுதா, இதையெல்லாம் கேட்டா பாதி மூட்டம் விலகிடும். ஒரு பில்டர் கேரன்டிக்கு மழுப்பறான்னா உங்க வீட்டுக்காரரோட 90 அங்கயே இறங்கும், அவரே இறக்குவார், நீங்க சண்டை போட வேண்டாம்.

கேள்வி: மாசாமாசம் எல்ஐசி கட்டறேன், வாராவாரம் லாட்டரியும் வாங்கறேன். என் சம்சாரம் "ஒண்ணு பயப்படு, இல்ல துணிஞ்சு நில்லு, ரெண்டும் என்ன"ன்னு திட்டுது. ஊர்லயும் லாட்டரியை நிறுத்திட்டாங்கன்னு அதையும் சேத்துச் சொல்லுது. – வாசகர், 90 அடி ரோடு, தாராவி

அண்ணே, உங்க சம்சாரம் கேட்டதை மில்டன் ஃப்ரீட்மனும் நம்ம சாவேஜும் 1948ல கேட்டுட்டாங்க. ஒரே ஆள் இன்சூரன்ஸும் வாங்கறான் லாட்டரியும் வாங்கறான், இது எப்படின்னு. பணம் கூடக் கூட அதோட ருசி குறையும்னு பழைய தியரி, அதைப் படமா வரைஞ்சா வர்ற கோடு இருக்கே, அதை நடுவுல ஒரு இடத்துல மேல வளைச்சு விட்டாங்க. ஒரு தட்டுலேர்ந்து அடுத்த தட்டுக்கு ஏத்திவிடற பணம்னா அதுக்கு ஆசை ஜாஸ்தின்னு விளக்கம். பத்துக்குப் பத்து ரூம்லேர்ந்து பிளாட்டுக்குப் போறதுன்னு வச்சுக்கோங்களேன்.

எனக்கு அதை விட 1979ல கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல்காரங்க சொன்னதுதான் பொருத்தமா படுது. அவங்க ஆளுங்களைக் கேட்டாங்க: 1000ல ஒரு சான்ஸ்ல 5000 கிடைக்கும், இல்ல கையோட 5 கிடைக்கும், எது வேணும்? 72 பர்சென்ட் பேர் அந்த 1000ல ஒண்ணைக் கேட்டாங்க. அப்படியே திருப்பிப் போட்டாங்க: 1000ல ஒரு சான்ஸ்ல 5000 போகும், இல்ல கையோட 5 போகும். இப்ப 83 பர்சென்ட் பேர் அஞ்சைக் கொடுத்துட்டு நிம்மதியா போறேன்னாங்க. முதல்ல சொன்னது லாட்டரி, ரெண்டாவது எல்ஐசி. துணிச்சல் பயம்னு ரெண்டு குணம் தேவையே இல்ல, ரொம்பச் சின்ன சான்ஸை மனசு பெருசாக்கிப் பாக்குது, நல்லதுலயும் சரி கெட்டதுலயும் சரி. 1992ல அவங்களே போட்ட கணக்குல 100ல ஒரு சான்ஸ் மனசுக்கு அஞ்சரை மாதிரி படுது.

ஊர் விஷயம், ஆமா, தமிழ்நாட்டுல 2003லேர்ந்து லாட்டரி கிடையாது, இங்க மகாராஷ்டிரால அரசாங்கமே நடத்துது. டிக்கெட் காசுல ஒரு பங்கு கமிஷனுக்கும் அரசாங்கத்துக்கும் போயிடும், அதனால எல்லாரும் வாங்கினதைக் கூட்டிப் பாத்தா எல்லாருக்கும் சேத்து நஷ்டம்தான். வாரம் ஒரு டிக்கெட், குலுக்கல் வரைக்கும் ஒரு கனவுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிரீமியம் கட்ட வச்ச காசு டிக்கெட்டா மாறுதுன்னா சம்சாரம் பக்கம் போயிடுவேன்.

கேள்வி: பொண்ணுக்கு ரெண்டு வேலை வந்திருக்கு, ஒண்ணு இங்க பேங்க்ல, ஒண்ணு பெங்களூர்ல சின்ன கம்பெனி. எங்கம்மா மாட்டுங்கா கோயில்ல சீட்டு எழுதிப் போட்டு எடுங்கறாங்க. படிச்ச பொண்ணு சிரிக்குது. பொருளாதாரத்துல இதுக்கு இடம் இருக்கா? – வாசகர், டோம்பிவிலி

சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, ஹார்வர்ட்ல இதைச் சொல்லியிருக்காங்க. மேல சொன்னேனே எல்ஸ்பர்க்கோட ரெண்டாவது பை, அதுக்கு ஹாவர்ட் ரைஃபான்னு ஒருத்தர் அதே 1961ல மறுப்பு எழுதினார். தெரியாத பையைப் பாத்து ஏன் பயப்படறே, காசு சுண்டு, தலை விழுந்தா சிவப்புன்னு சொல்லு, பூ விழுந்தா கருப்புன்னு சொல்லு, இப்ப உள்ள எத்தனை சிவப்பு இருந்தாலும் நீ ஜெயிக்க சரியா பாதிக்குப் பாதி. யோசிச்சுப் பாருங்க, 100ம் கருப்பா இருந்தாலும் பாதிதான். தெரியாத பை தெரிஞ்ச பையா மாறிடுது, வெறும் ஒரு காசால. நான் காலேஜ்ல இதை போர்டுல போடறப்பல்லாம் முதல்ல ஒரு பய நம்ப மாட்டான்.

ஆனா பாட்டி கிட்ட இதையும் சொல்லுங்க, அது நடக்கறது ரெண்டு பக்கமும் ஒரே பரிசு இருக்கறப்ப மட்டும்தான். வேலை அப்படி இல்ல. பேங்க்ல சம்பளம் தெரியும், பத்து வருஷம் கழிச்சு எங்க இருப்போம்னும் ஓரளவு தெரியும். சின்ன கம்பெனில ரெண்டுமே தெரியாது, ஆனா பிடிக்கலன்னா திரும்பி வர முடியுமா, முடியாதாங்கறது தெரியும், அதைத்தான் முதல்ல பாக்கணும். ஹெர்பர்ட் சைமன், 1978ல நோபல் வாங்கினவர், அவர் சொன்ன வழி இன்னும் சுலபம்: இருக்கறதுலயே சிறந்ததைத் தேடிட்டு அலையாதே, உனக்கு இது இது கண்டிப்பா வேணும்னு முன்னாடியே ஒரு கோடு போட்டுக்கோ, அதைத் தாண்டி வர்ற முதல் ஒண்ணை எடுத்துக்கோ. பொண்ணை உக்கார வச்சு அந்தக் கோட்டை எழுதச் சொல்லுங்க, நீங்க எழுதாதீங்க. அப்புறமும் ரெண்டும் சமமா நின்னா தாராளமா சீட்டு போடலாம்.

கேள்வி: ஷேர் மார்க்கெட் ஏறுமா இறங்குமான்னு வாராவாரம் பந்தயம் மாதிரி போடற வீக்லி ஆப்ஷன்ஸ் வாங்கறேன் டீச்சர். எக்ஸ்பெக்டட் வேல்யூ, அதாவது சராசரியா வர்ற லாபம், பாசிட்டிவா இருந்தா போட்டுட்டே இருக்கலாம், நிறைய தடவை ஆடினா சராசரி நம்மளைக் காப்பாத்தும்னு எங்க குரூப்ல சொல்றாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் அக்கவுன்ட்ல இருக்கறதை முழுசா இறக்கறேன். லாஜிக் கரெக்ட்தானே? – வாசகர், ஐரோலி

தம்பி, ஒரு பேப்பர் எடு. ஒரு ஆட்டம், பாதி சான்ஸ்ல பணம் 60 பர்சென்ட் ஏறும், பாதி சான்ஸ்ல 50 பர்சென்ட் இறங்கும். சராசரி பாத்தா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5 பர்சென்ட் லாபம், உங்க குரூப் குதிச்சுட்டு ஓடி வரும். 1 லட்சம் போடு. ஒரு தடவை ஜெயிச்சா 1,60,000. அடுத்து ஒரு தடவை தோத்தா 80,000. மாத்திப் போட்டாலும் அதே 80,000தான். ஒரு ஜெயிப்பு ஒரு தோல்வி, சரிசமம், ஆனா 20,000 காணோம். இப்படியே 20 ஆட்டம், 10 ஜெயிச்சு 10 தோத்தா கைல சுமார் 10,700 இருக்கும். சராசரி பொய் சொல்லல, தொடர்ந்து ஜெயிச்ச ஒண்ணு ரெண்டு பேர் கைல கோடிக்கணக்குல குவிஞ்சு சராசரியைத் தூக்கிப் பிடிக்குது, நீ அந்த ஒண்ணு ரெண்டு பேரா இருக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல.

இது புதுசா யாரோ யூடியூப்ல கண்டுபிடிச்சது இல்ல. 1713ல நிகோலஸ் பெர்னூலி ஒரு லெட்டர்ல ஒரு புதிர் போட்டார், அதைக் கொஞ்சம் சுலபமாக்கிச் சொல்றேன்: தலை விழற வரைக்கும் காசு சுண்டிட்டே இருக்கணும், முதல் தடவையே விழுந்தா 2, ரெண்டாவதுல விழுந்தா 4, மூணாவதுல 8ன்னு பரிசு இரட்டிச்சுட்டே போகும். சராசரி கணக்குப் போட்டா முடிவே இல்லாத தொகை வரும், ஆனா இந்த ஆட்டத்துக்கு நீ எவ்ளோ கட்டுவே? சில நூறு கூட கட்ட மாட்டே. அவரோட சொந்தக்காரர் டேனியல் பெர்னூலி 1738ல பதில் சொன்னார், பணத்தை எண்ணாதே, அந்தப் பணம் உனக்கு எவ்ளோ பிரயோஜனம்னு எண்ணு, உன்கிட்ட ஏற்கெனவே இருக்கறதைப் பொறுத்து அது மாறும்னு. அதுலயே ஒரு உதாரணம் வரும். ஒரு ஏழை கைல ஒரு டிக்கெட், பாதி சான்ஸ்ல 20,000 டுகாட் (அந்தக் காலத்துத் தங்கக் காசு), பாதி சான்ஸ்ல ஒண்ணுமில்ல. அதை அவன் 9,000க்கு வித்தா முட்டாளா? இல்லங்கறார். பணக்காரன் அதை 9,000க்கு வாங்க மாட்டேன்னா? அவன்தான் முட்டாள்னார். 285 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் உங்க குரூப்புக்குப் போய்ச் சேரல.

"நிறைய தடவை ஆடினா"ங்கறதுக்கும் ஒரு கதை இருக்கு. பால் சாமுவேல்சன்னு ஒரு பொருளாதார அறிஞர், தன் கூட வேலை பாத்த ஒருத்தர் கிட்ட, காசு சுண்டு, ஜெயிச்சா 200 டாலர், தோத்தா 100 டாலர்னார். அவர் ஒரு தடவைன்னா வேண்டாம், 100 தடவைன்னா சரின்னார். சாமுவேல்சன் 1963ல அதை வச்சு ஒரு கட்டுரையே எழுதிட்டார், நிறைய ஆடினா தோக்கற சான்ஸ் குறையுது, ஒத்துக்கறேன், ஆனா தோத்தா போற தொகை பெருசாகுதே, ஒண்ணுக்கு வேண்டாம்னவன் நூறுக்கு எப்படி சரிங்கறான்னு. இதுல அவரோட சண்டை போடறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கே அவர் கொஞ்சம் கறாரா படுது, ஏன்னா ஒவ்வொரு தடவையும் அதே 100 டாலர் வச்சு ஆடினா அந்த ஆளு சொன்னதுல நியாயம் இருக்கு. உன் விஷயம் அது இல்ல, நீ ஒவ்வொரு தடவையும் முழுசா இறக்கறே.

இவ்ளோ நேரம் பாசிட்டிவ்னு உன் வார்த்தையை நம்பித்தான் பேசினேன். ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, அதுக்கு முந்தின மூணு நிதி ஆண்டுல எஃப் அண்ட் ஓல (உன் ஆப்ஷன்ஸும் இதுலதான் வரும்) இறங்கின தனி ஆளுங்கள்ல 93 பர்சென்ட் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இது செம்பூர் அம்மாவோட வீட்டுக்காரர் சொன்ன 90 மாதிரி இல்ல தம்பி, இது எண்ணின நம்பர். உன் அக்கவுன்டோட லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டை புரோக்கரேஜ், டாக்ஸ் எல்லாம் போக இறக்கிப் பாத்துட்டு, அந்த 7 பர்சென்ட்ல நீ இருக்கேன்னா எனக்கு எழுது. இருந்தாலும் முழுசா இறக்காதே.

கேள்வி: பணம் இருக்கறவன் ரிஸ்க் எடுக்கறான், அதனால மேல போறான், இல்லாதவன் பயந்து அங்கயே கிடக்கறான்னு எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய மனுஷன் லெக்சர் அடிக்கறார். உண்மையா? – வாசகி, முலுண்ட்

நம்ம மாநிலத்துலயே இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்கன்னு அந்தப் பெரிய மனுஷன் கிட்ட சொல்லுங்க. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர்ங்கறவர் சோலாப்பூர், அகோலா பக்கத்துக் கிராமங்கள்லயும் அப்ப ஆந்திரால இருந்த மகபூப்நகர்லயும் விவசாயிங்க கிட்ட நிஜப் பணம் வச்சு ஆடவச்சார், 1980ல கட்டுரை வந்துச்சு. சும்மா வாய்ல கேக்கல, பெரிய ஆட்டத்துல கூலிக்காரர் ஒரு மாசம் சம்பாதிக்கறதை விட ஜாஸ்தி கிடைக்கிற அளவுக்கு வச்சார். தொகை சின்னதா இருந்தப்ப ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்துச்சு, பெருசானதும் கிட்டத்தட்ட எல்லாரும் மிதமா ஜாக்கிரதை ஆயிட்டாங்க, நிலம் நிறைய வச்சிருந்தவரும் சரி இல்லாதவரும் சரி. சொத்துக்கும் துணிச்சலுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. அப்ப ஏழை ஏன் புது விதை போடலன்னா, கடன் கிடைக்கல, பொய்ச்சுப் போச்சுன்னா அடுத்த போகத்துக்குக் கைல ஒண்ணும் இல்ல. அதைப் பயம்னு பேர் வைக்கறது வசதியா இருக்கு சிலருக்கு.

கேள்வி: இந்தத் தியரியெல்லாம் எழுதினவங்க சொந்த வாழ்க்கைல அதும்படி நடந்தாங்களா? – வாசகர், சயான்

நல்ல வம்புக் கேள்வி. மோரீஸ் அல்லேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1952ல சாவேஜ் கிட்டயே ஒரு கேள்வி போட்டார். நம்ம கணக்குல சொல்றேன். நிச்சயமா 1 கோடி வேணுமா, இல்ல 89 பர்சென்ட் 1 கோடி, 10 பர்சென்ட் 5 கோடி, மீதி 1 பர்சென்ட் சைபர், இது வேணுமா? அப்புறம் இன்னொண்ணு, 11 பர்சென்ட்ல 1 கோடியா, 10 பர்சென்ட்ல 5 கோடியா? முதல்ல நிச்சயத்தையும் ரெண்டாவதுல 5 கோடியையும் எடுத்தா சாவேஜோட தியரிக்கே முரண். சாவேஜ் அப்படியேதான் எடுத்தார்! ஆனா மனுஷன் தியரியை மாத்தல, என் பதில்தான் தப்புன்னு பதிலைத் திருத்திக்கிட்டார், 1954 புத்தகத்துல ஒளிக்காம எழுதியும் வச்சார்.

ஹாரி மார்க்கோவிட்ஸ் இன்னும் மேல. 1952ல போர்ட்ஃபோலியோ தியரி எழுதி, 1990ல அதுக்கு நோபல் வாங்கினவர். எந்த முதலீட்டுல எவ்ளோ பங்கு வைக்கணும்னு உலகத்துக்கே கணக்கு சொல்லிக் கொடுத்தவர். தன்னோட ரிடையர்மென்ட் பணத்தை என்ன பண்ணீங்கன்னு கேட்டப்ப, மார்க்கெட் ஏறி நான் உள்ள இல்லன்னாலும் வருத்தம், இறங்கி முழுசா உள்ள இருந்தாலும் வருத்தம், அதனால ஷேர்ல பாதி, பாண்டுல (கடன் பத்திரத்துல) பாதி போட்டுட்டேன்னார். பேங்க் டெபாசிட்டையும் மியூச்சுவல் ஃபண்டையும் அதே மாதிரி பாதி பாதி வச்சிருக்கேன்னு போன மாசம் எழுதின காட்கோபர் அம்மாவுக்கும் இதுதான் பதில், தனியா எழுதல.